மதுரை வீட்டுக்கு எந்தக் கீசர்? ஒரு வாளித் தண்ணீரிலிருந்து தொடங்கும் கணக்கு

உங்கள் வீட்டுக் குளியலறை வாளி எத்தனை லிட்டர் பிடிக்கும்? பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரியாது. கீசர் வாங்கப் புறப்படும் முன் அதை அளந்துவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி எண்ணினால் இரண்டு நிமிட வேலை. எங்கள் வீட்டு வாளி விளிம்பு வரை 20 லிட்டர், குளிக்க நிரப்புவது 18. கீழே வரும் கணக்கெல்லாம் அந்த 18 லிட்டரை வைத்துத்தான்.

இதை எழுதக் காரணம், முதல் தடவை நான் யோசிக்காமல் வாங்கியது. வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் டேங்க் இல்லாத ஹீட்டரைப் புகழ்ந்தார்கள். நானும் அப்பத்தா குளியலறைக்கு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் ஒன்றை வாங்கி மாட்டினேன். மார்கழியில் காலை ஐந்தரைக்கே குளித்துவிடுகிற அப்பத்தா, “பச்சத்தண்ணியாத்தானப்பா வருது” என்று உள்ளிருந்து கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது. கீசரில் பழுது எதுவும் இல்லை. குழாயை முழுக்கத் திறந்தால் அது அவ்வளவுதான் சூடாக்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்காவது முன்பே தெரியட்டும்.

ஸ்டோரேஜ், இன்ஸ்டன்ட்: இரண்டும் என்ன செய்கின்றன

ஸ்டோரேஜ் கீசர் என்பது நம் வீடுகளில் முன்பு இருந்த செம்பு பாய்லரின் வேலையைக் கரண்டில் செய்வது. 10, 15, 25 லிட்டர் என்று டேங்க் இருக்கும். தண்ணீரைச் சூடாக்கி, சூடு ஆறாமல் வைத்திருக்கும். உள்ளே இருக்கும் எலிமென்ட் பெரும்பாலும் 2 கிலோவாட். சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

இன்ஸ்டன்ட் கீசர் ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சூடாக்குவது. நம் கடைகளில் இந்தப் பெயரில் விற்பதிலும் 1 லிட்டரோ 3 லிட்டரோ பிடிக்கும் சின்னப் பாத்திரம் ஒன்று உள்ளே உண்டு. அதனால் முதல் ஒரு செம்புத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும், அதற்கப்புறம் சூடு இறங்கும். எலிமென்ட் 3 கிலோவாட் அல்லது 4.5 கிலோவாட். டேங்கே இல்லாத அசல் வகை நம் ஊர்க் குளியலறைகளில் அரிது. கேஸ் கீசர்தான் அதற்கு மிக நெருக்கமானது, அதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் வேலை: சூட்டுக் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட் மணி மின்சாரம் வேண்டும். எந்தக் கம்பெனி கீசரானாலும் இதில் மாற்றம் கிடையாது. குளிர்கால விடியலில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க இதமான சூடு 40. ஏற்ற வேண்டியது 14 டிகிரி. 18 லிட்டரை 14 டிகிரி ஏற்ற 0.29 யூனிட் (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்). ஒரு வாளி வெந்நீருக்குக் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இன்ஸ்டன்ட் என்றாலும் ஸ்டோரேஜ் என்றாலும் தண்ணீரைச் சூடாக்க ஆவது இதேதான்.

வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் அந்த 0.29 யூனிட்டைத் தண்ணீருக்குள் செலுத்த ஆறு நிமிடம் எடுக்கும். அதாவது நிமிடத்துக்கு 3 லிட்டர் விழும்படி குழாயைத் திறக்க வேண்டும். அது மெல்லிய ஓட்டம். நாம் பழக்கத்தில் முழுக்கத் திறந்துவிடுவோம், வாளி இரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும், சூடு மூன்றில் ஒரு பங்குதான் ஏறியிருக்கும். எங்கள் அப்பத்தா விஷயத்தில் நடந்தது இதுதான்.

15 லிட்டர் ஸ்டோரேஜ் 26 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போக, 2 கிலோவாட் எலிமென்டில் 18 நிமிடம் ஆகும். அந்த 60 டிகிரி தண்ணீரைப் பச்சைத்தண்ணீரோடு விளாவி 40-க்குக் கொண்டுவந்தால் கணக்குப்படி 36 லிட்டர் கிடைக்கும். வெந்நீர் வெளியே வர வரப் பச்சைத்தண்ணீர் உள்ளே புகுந்து கலப்பதால் கையில் 30 என்று வையுங்கள். ஆக ஒரு தடவை சூடானால் ஒன்றரை முதல் இரண்டு வாளி. 25 லிட்டர் என்றால் சூடாக அரை மணி நேரம், மூன்று வாளி.

வெளிநாட்டு ஆலோசனை இங்கே ஏன் பொருந்தாது என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும். குளிர் நாட்டில் குழாயில் வரும் தண்ணீர் 5 டிகிரி. ஷவருக்கு நிமிடத்துக்கு 9 லிட்டர் வேண்டும் என்றால் 22 கிலோவாட் ஹீட்டர் தேவை. அவர்கள் ‘டேங்க் இல்லாதது’ என்று சொல்வது வீடு முழுவதுக்கும் சேர்த்து மாட்டும் அந்தப் பெரிய பெட்டியை. அவர்கள் எடைபோடும் டேங்க் 150, 200 லிட்டர் பிடிக்கும், இரவு பகலாகச் சூட்டிலேயே நிற்கும். அதில் வீணாகும் சூடு பெரிது, அதனால் டேங்க் இல்லாதது அவர்களுக்கு லாபம். நாம் அரை மணி நேரம் சுவிட்சைப் போட்டு அணைக்கிறவர்கள். அவர்களுடைய மிச்சம் நமக்கு மிச்சம் ஆகாது.

சித்திரை, வைகாசியில் மத்தியானம் மாடி டேங்க் தண்ணீரில் கை வைக்கவே முடியாது என்பது இங்கே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் கீசரின் உண்மையான வேலை ஐப்பசி மழையில் தொடங்கி மாசியில் முடிந்துவிடுகிறது. குழந்தையும் வயசானவர்களும் இருக்கிற வீட்டில்தான் வருஷம் முழுக்க.

இரண்டாவது: யார், எப்போது, எப்படிக் குளிக்கிறார்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். காலை 6 முதல் 8 வரை எத்தனை பேர் குளிக்கிறார்கள், வாளியா ஷவரா, எண்ணெய்க் குளியல் உண்டா, பேறுகாலத்துக்கு மகள் வந்து தங்குவாளா. நாலு பேரும் வாளிக்காரர்கள் என்றால் 15 லிட்டர் ஸ்டோரேஜ் போதும். ஒருவர் குளித்துத் தலை துவட்டி வருவதற்குள் மறுபடி சூடாகிக்கொண்டிருக்கும். ஷவர் என்றால் கதை வேறு. சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் போகும், ஐந்து நிமிடத்தில் 40 லிட்டர். அதற்கு 25 லிட்டர் டேங்க் வேண்டும். 3 கிலோவாட் இன்ஸ்டன்டில் ஷவர் குளியல் வேண்டாம், நிச்சயம் ஏமாற்றம்தான்.

இன்ஸ்டன்ட் எங்கே நல்லது என்றால், ஒருவரோ இருவரோ இருக்கிற வீட்டில், வெவ்வேறு நேரத்தில் குளிக்கிறவர்களுக்கு. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து உடனே குளிக்க வேண்டியவர்களுக்கு. அப்புறம் சமையலறைத் தொட்டிக்கு. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரம் கழுவ அது அருமையான பொருள், அந்த இடத்தில் நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன்.

மின்தடையையும் நினைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்குக் கரண்டை நிறுத்தினால் இன்ஸ்டன்ட் அந்த நொடியே நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் எந்தக் கீசரும் ஓடாது. ஸ்டோரேஜில் எட்டரைக்குச் சூடாக்கி வைத்தால் மத்தியானம் வரை குளிக்கலாம்.

மூன்றாவது: உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது

பலர் தாண்டிப்போய்விடும் இடம் இது. மதுரையில் கீசரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கார்ப்பரேஷன் குழாயில் வரும் வைகைத் தண்ணீர் ஒரு மாதிரி. நகரின் விளிம்பிலும் புது பிளாட்டுகளிலும் போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், வரும் தண்ணீர் வேறு மாதிரி. பல வீடுகளில் கார்ப்பரேஷன் தண்ணீர் சமையலுக்கு, போர் தண்ணீர் மாடி டேங்குக்கு. கீசருக்குள் போவது மாடி டேங்க் தண்ணீர் என்பதை மறந்துவிடக் கூடாது.

சோப்பு நுரைக்கவில்லை, வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறது, பருப்பு சீக்கிரம் வேகவில்லை, ஷவர் ஓட்டைகள் அடைத்துக்கொள்கின்றன என்றால் அது கடினத் தண்ணீர். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ரிப்போர்ட்டில் ‘மொத்தக் கடினத்தன்மை’ என்ற வரியைப் பாருங்கள். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதி. கீசருக்குத் தனி எல்லை என்று எதுவும் இல்லை. ஆனால் 200-ஐத் தாண்டினாலே உள்ளே சுண்ணாம்புப் படிவம் சேரும் என்று எடுத்துக்கொண்டு வருஷா வருஷம் சர்வீஸுக்குத் தயாராக இருங்கள்.

தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து பிரிந்து எலிமென்ட் மேல் ஓடுபோல ஒட்டிக்கொள்ளும். 60 டிகிரியைத் தாண்டினால் இன்னும் வேகமாக. அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தடுக்கிறது, எலிமென்ட் தன் சூட்டிலேயே வெந்து ஒரு நாள் அறுந்துபோகிறது. இன்ஸ்டன்டில் எலிமென்டும் பாத்திரமும் நெருக்கமாக இருப்பதால் கொஞ்சம் படிவமே ஓட்டத்தைக் குறைத்துவிடும். பல மாடல்களைப் பிரித்துச் சுத்தம் செய்வதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்றுதான் மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஸ்டோரேஜில் அடிமூடியைக் கழற்றி எலிமென்டை வெளியே எடுத்துச் சுரண்டி, சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துத் திரும்ப மாட்டலாம். போர் தண்ணீர் வீட்டுக்கு ஸ்டோரேஜ்தான் என்று நான் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம். கழிவறை கழுவும் ஆசிடை மட்டும் யாரும் உள்ளே ஊற்ற விடாதீர்கள், டேங்கின் உட்பூச்சும் உலோகமும் அரித்துப்போகும்.

ஸ்டோரேஜ் டேங்குக்குள் மெக்னீசியத்தால் ஆன ஆனோடு ராடு ஒன்று இருக்கும். உப்புத் தண்ணீர் டேங்கை அரிப்பதற்குப் பதில் அந்த ராடை அரிக்கும். தான் கரைந்து டேங்கைக் காக்கும் பொருள் அது. கரைந்து தீர்ந்த பிறகு அடுத்தது டேங்க்தான். சர்வீஸுக்கு வருபவரிடம், “அண்ணே, ஆனோடு ராடு எவ்வளவு மிச்சம் இருக்கு, காட்டுங்க” என்று கேளுங்கள். பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள். டேங்க் ஓட்டையானால் ஒட்டுப் போட முடியாது.

தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகை, எத்தனை டிகிரியில் வைப்பது? கடினத் தண்ணீர் வீட்டில் அன்றாடம் 50–55 போதும், படிவம் மெதுவாகச் சேரும், கை சுடும் ஆபத்தும் குறைவு. ஆனால் வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் நோய்க் கிருமி வளரும், 60 டிகிரியில்தான் அது சாகும். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்து வந்தால் ஒரு தடவை 60-க்கு மேல் ஏற்றிச் சூடாக்கி, அந்தத் தண்ணீரை ஓடவிட்டு, அப்புறம் குளியுங்கள்.

நான்காவது: சுவருக்குள் இருக்கும் வயர்

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குளியலறைக்கு எந்த வயர் வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 2 கிலோவாட் ஸ்டோரேஜ் இழுப்பது சுமார் 9 ஆம்பியர், 3 கிலோவாட் 13, 4.5 கிலோவாட் ஏறக்குறைய 20. முதல் இரண்டுக்கும் ரெண்டரை ஸ்கொயர் எம்எம் வயரும் 16 ஆம்பியர் பவர் பிளக்கும் வேண்டும். மூன்றாவதற்கு நாலு ஸ்கொயர் எம்எம் வயர், மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி (லோடு அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்). பழைய வீடுகளில் குளியலறை விளக்குக்கு இழுத்த மெல்லிய வயரிலேயே கீசரையும் கொடுத்துவிடுகிறார்கள். சுவிட்ச் போர்டு சூடாவது, பிளாஸ்டிக் கருகும் வாடை வருவது அதனால்தான். அப்படி இருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

எர்த் இல்லாத வீட்டில் கீசர் மாட்டக் கூடாது. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் போட்டிருந்தால், தண்ணீரில் கரண்ட் கசிந்தவுடன் அது தானாக விழுந்து கரண்டை நிறுத்திவிடும். கீசர் விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவு, ஆனால் உயிரைக் காப்பது. வாளிக்குள் ஹீட்டர் ராடு போடுகிறவர்களுக்கும் இதையே கெஞ்சிக் கேட்கிறேன். ராடை அணைத்து, பிளக்கை உருவிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும்.

லோ வோல்டேஜ் இருக்கிற பகுதி என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். 230 வோல்ட்டில் 3000 வாட் தரும் எலிமென்ட், 200 வோல்ட்டில் 2270 வாட்தான் தரும். ஸ்டோரேஜில் கொஞ்ச நேரம் கூடுதலாகக் காத்திருந்தால் சரியாகிவிடும். இன்ஸ்டன்டில் குழாயை இன்னும் சுருக்க வேண்டிவரும்.

பில்லைப் பற்றிக் கொஞ்சம்

நட்சத்திர முத்திரை ஸ்டோரேஜ் கீசருக்கு எதை அளக்கிறது என்று பலருக்குத் தெரியாது. சும்மா நிற்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு சூடு வீணாகிறது என்பதைத்தான். லேபிளில் அந்த எண் யூனிட்டில் அச்சாகியிருக்கும். 0.5 என்று இருந்தால், சுவிட்சை எப்போதும் போட்டே வைக்கும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட் வரை அதற்கே போகும். குளிக்கும் முன் அரை மணி போட்டு அணைக்கும் வீட்டில் இதில் பெரும்பகுதி மிச்சம். ஆகவே கரண்ட் பில் பயத்தால் மட்டும் இன்ஸ்டன்ட் வாங்கத் தேவையில்லை.

கேஸும் சோலாரும்

கேஸ் கீசர் நிமிடத்துக்கு 6 லிட்டர் வரை வெந்நீர் தரும், கரண்ட் கவலை இல்லை. ஒரு வாளிக்குச் சுமார் 30 கிராம் கேஸ் ஆகும், 14.2 கிலோ சிலிண்டரில் 450 வாளிக்கு மேல் வரும். ஆனால் கேஸ் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு உண்டாகலாம். நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு, ஜன்னல் சாத்திய சின்னக் குளியலறைக்குள் மாட்டினால் குளிக்கிறவர் மயங்கி விழுந்து உயிரே போய்விடும், அப்படிப் பலர் போயிருக்கிறார்கள். கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். அதற்கு இடம் இல்லாத வீட்டில் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

சொந்த மாடி உள்ள கூட்டுக் குடும்பத்துக்கு சோலார் நன்றாக இருக்கும், மதுரை வெயிலுக்குக் குறைவே இல்லை. கடினத் தண்ணீர் என்றால் அதற்கும் படிவம் சேரும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (உங்கள் தண்ணீர் வெயிலில் சூடாகும் குழாய்களுக்குள் போகாமல் சூட்டை மட்டும் கடத்தும் அமைப்பு) வைத்த மாடலைக் கேளுங்கள்.

எதை வாங்குவது

வயசானவர்களும் குழந்தைகளும் இருக்கிற, வாளியில் குளிக்கிற, போர் தண்ணீர் வீடு என்றால் 15 லிட்டர் ஸ்டோரேஜ். இங்கே பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த வகைதான் என்பது என் எண்ணம். ஷவர் பழக்கம் உள்ளவர்களுக்கு 25. தனியாக இருக்கிற வாடகை வீட்டுக்காரருக்கு, தண்ணீர் நன்றாக இருந்தால், 3 லிட்டர் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட். விலையும் குறைவு, வீடு மாறும்போது கழற்றி எடுத்துப்போகவும் எளிது. இரண்டு குளியலறை தள்ளித் தள்ளி இருந்தால் ஒரே கீசரை நீளக் குழாய் போட்டு இழுக்க வேண்டாம். முக்கால் இன்ச் குழாய் 10 மீட்டர் ஓடினால் ஒவ்வொரு தடவையும் இரண்டரை லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் வெந்நீர் வரும்.

டவுன்ஹால் ரோடு பக்கம் கடை கடையாக ஏறி விலை கேட்கும்போது, விலையோடு மூன்றைக் கேளுங்கள். டேங்குக்கு எத்தனை வருஷ வாரண்டி, எலிமென்டுக்கு எத்தனை வருஷம், கடினத் தண்ணீரால் கெட்டால் வாரண்டி உண்டா. மூன்றாவதற்குப் பதில் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும், அங்கேயே நின்று படியுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம்.

மாட்டும் நாள்

நீங்கள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். தண்ணீரோடு 25 லிட்டர் கீசர் 35 கிலோ வரை கனக்கும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அடிமூடியைக் கழற்றி எலிமென்டை உருவக் கீழே இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள், பலர் குழாயைக் குறுக்கே கொண்டுபோய் அடைத்துவிடுகிறார்கள். வெந்நீர் லைன் சூட்டைத் தாங்கும் சிபிவிசி குழாயாக இருக்க வேண்டும், சாதா பிவிசி சூட்டில் நெளிந்துவிடும்.

தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் சேப்டி வால்வு ஒன்று மாட்டுவார்கள். சூடாகும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும்போது விரிந்து ஒரு டம்ளர் அளவு, சுமார் 200 மில்லி, கூடுகிறது. அந்தத் தண்ணீர்தான் அது. கசிகிறதே என்று டேப் சுற்றியோ கட்டை வைத்தோ அடைக்காதீர்கள். அழுத்தம் போக வேறு வழி இல்லாமல் டேங்கே வெடிக்கலாம். சின்ன ஹோஸ் ஒன்றைச் செருகித் தரைக்கு விட்டால் போதும்.

சுவிட்சைப் போடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று இல்லாமல் தண்ணீர் சீராக விழுகிறதா என்று பாருங்கள். டேங்க் காலியாக இருக்கும்போது கரண்ட் போட்டால் எலிமென்ட் போய்விடும். பிறகு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர் என்று சொல்லிக்கொடுங்கள். 60 டிகிரி தண்ணீர் குழந்தையின் தோலைச் சில நொடிகளில் கொப்பளிக்க வைத்துவிடும். கடைசியாக, கீசரின் அடியில் மார்க்கரால் மாட்டிய தேதியை எழுதுங்கள். அடுத்த புரட்டாசியில், மழை தொடங்கி மெக்கானிக்குகளுக்கு வேலை நெருக்கும் முன், சர்வீஸுக்குச் சொல்லி அதன் கீழே இன்னொரு தேதி எழுத வேண்டும்.